ஜெரோம் அண்ணனின் பதினேழு விநாடிகள்

பென்டிரைவ் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையைச் சுற்றி ரப்பர் பேண்ட், மூன்று சுற்று. அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் மட்டிப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜெரோம் அண்ணன் உட்காராமலே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி தாண்டியிருக்கும். கொட்டாரத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம் மட்டிப்பழமும் வரும். கடற்கரைக்காரர், வேறு வீடாக இருந்தால் மீன் கொண்டுபோவார். நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள் என்பதால் முப்பத்தைந்து வருடங்களுக்கும் மேலாக எங்களுக்குப் பழம்தான்.

"ஏழு பாட்டு இருக்கு மக்கா. மார்க்குப் போடு," என்றார்.

இது வழக்கமாகச் சொல்வதுதான். சொன்னதும் கிளம்பிவிடுவார். அன்றைக்குக் கிளம்பவில்லை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் அவருடைய ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு மணி நேரம் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய பாட்டுகள் மட்டும் போதும் என்கிறது கமிட்டி. புதிய பாட்டுகளும் பாடுவேன், ஆனால் என்னிடம் பத்துக்கு ஆறு மார்க்காவது வாங்கியதை மட்டும்தான் பாடுவேன் என்று அண்ணன் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒன்றுக்கும் ஆறு வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"பழசப் பாடிட்டு இறங்கிருவேன். இனி புதுசு எழுதவும் மாட்டேன். அறுவத்தாறு ஆச்சு, போதும். ஆனா எனக்க மூஞ்சியப் பாத்து மார்க்குப் போடப்பிடாது, கேட்டியா?"

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நான் அந்த உறையைத் தொடவில்லை.

முடி தோள்வரை

இந்தத் தொடரை வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஜெரோம் அண்ணன் யாரென்று சொல்ல வேண்டும்.

இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைச் சிற்றூர் அவருடையது. மற்ற இசைக்குழுக்கள் எல்லாம் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், நான்கு பேர் சேர்ந்து 'எட்டாம் அலை' என்று ஒரு ராக் குழு ஆரம்பித்தார்கள். இரண்டு எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ், யாரோ ஒருவரின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கீபோர்டு. பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. டீசல் விலை, இரணியல் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டவன், கடலுக்குப் போகப் பிடிக்காத மீனவன் மகன் என்று அவர்கள் பாடாத விஷயம் இல்லை. அண்ணனுக்கு அப்போது முடி தோள்வரை. கழுத்தில் ஜெபமாலை, காலில் செருப்பு கிடையாது.

இன்றைக்கும் அவர் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். வளைகுடாவில் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கும் அறைகளில் அவர் பாட்டு இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது என்று சொல்வார்கள்.

நான் முதலில் கேட்டது கேசட்டில். கொட்டாரம் சலூனில் முடிவெட்ட உட்கார்ந்திருந்தேன். வயது பதினேழு. 'மணல் சுடுது' என்ற பாட்டு ஓடியது. அந்தக் குரல் ஒரு பித்தளைக் குடத்தைச் சுண்டியதுபோல் இருந்தது. முடிவெட்டி முடிந்த பிறகும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த வாரம் அதே கேசட்டை வாங்கினேன். வாங்கிய அன்றே ஒரு நீள நோட்டில் ஐந்து பத்திகள் போட்டேன்: தேதி, பாட்டு, நீளம், மார்க், குறிப்பு.

'மணல் சுடுது: நான்கு நிமிடம் பத்து விநாடி. ஒன்பது.'

பத்துக்குப் பத்து என் நோட்டில் யாருக்கும் கிடையாது.

நோட்டைப் பிடுங்கிய நாள்

அவர்கள் ஒத்திகை பார்ப்பது வலைகள் போட்டுவைக்கும் ஒரு கொட்டகையில். கொட்டாரத்திலிருந்து சைக்கிளில் போவேன். உப்பும் மீனும் ஏறிய வலைகளின் மேல் உட்கார்ந்து எழுதுவேன். திரும்பி வந்தால் அம்மா என் சட்டையைத் தனியாகத் துவைப்பாள்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு நேராக வந்து நோட்டைப் பிடுங்கினார். அவர் உரக்க வாசித்தார்: "ஆறு மார்க். கிதார் கூடுதல்."

கிதார் வாசித்தவர் தாசன். பெரிய உடம்பு. நான் சைக்கிள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"லேய் தாசா, கிதார் கூடுதலாம். கொறடே," என்றார் அண்ணன். தாசன் குறைத்தார். அண்ணன் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, இப்போது எத்தனை என்று கேட்டார். ஏழு என்றேன்.

அன்றைக்கு விளையாட்டாக வந்த வழக்கம் பிறகு சட்டமானது. ஆறு மார்க்குக்குக் கீழே வாங்கிய பாட்டு மேடை ஏறாது. குழு கலைந்து, தாசன் மஸ்கட் போய், அண்ணன் தனியாகப் பாட ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. நானும் படித்து, நில அளவராக வேலைக்குச் சேர்ந்து, தாலுகா அலுவலகத்தில் அளவுச் சங்கிலியும் வரைபடமுமாக ஆனேன். பாட்டுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

ஒரு மார்க் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் 'கரையில நிக்கியா' என்று ஒரு பாட்டு எழுதினார். கடலில் இருப்பவன் கரையில் இருப்பவளைக் கேட்பதுபோல. மனைவி ஸ்டெல்லா அக்காளுக்காக எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். ஒத்திகையில் கேட்டேன். ஐந்து போட்டேன். 'மெதுவாகப் போகிறது. குரல் தாழ்வு.' அண்ணன் அந்தப் பாட்டைக் கைவிட்டார். பதிவும் செய்யவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த சாயாவில் சீனி குறைந்தது. ஸ்டெல்லா அக்காள் சீனி குறைத்துப் போடுகிறவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று முறை

எந்தப் பாட்டையும் மூன்று முறை கேட்ட பிறகுதான் மார்க் போடுவேன். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை கடிகாரத்தோடு. மூன்றாவது முறை வேறு ஏதாவது வேலை செய்துகொண்டு. அப்போதும் பாட்டு நம்மை இழுக்கிறதா என்று பார்ப்பதற்கு.

அந்த ஏழு பாட்டுகளில் ஒன்று மாத்திரை டப்பாவைப் பற்றியது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறைகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரி. இன்னொன்று விமான நிலையத்தில் மகனை எதிர்பார்த்து நிற்கிற ஒருவர், வெளியே வரும் ஒவ்வொரு முகத்தையும் தன் மகனாக்கிப் பார்ப்பது. சொற்கள் நன்றாக இருந்தன. ஆனால் குரல் இறங்கியிருந்தது. எல்லாமே கொஞ்சம் மெதுவாக நடந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும், வழக்கம்போல 'மணல் சுடுது' கேசட்டை ஒருமுறை ஓடவிட்டு ஒப்பிட்டேன். அந்தப் பித்தளைக் குடம் எங்கே, இது எங்கே.

மூன்றாவது முறை கேட்கும்போது என் மனைவி பகவதி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை அவள் அடுக்களையில் மாத்திரை டப்பாப் பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அதற்கு ஐந்துதான் போட்டிருக்கிறேன் என்றேன்.

"ஒங்களுக்கு அஞ்சு. எனக்கு வாயை விட்டுப் போவ மாட்டேங்கு," என்றாள்.

பிறர் கருத்தை நோட்டில் சேர்ப்பதில்லை. ஏழு பாட்டுக்கும் ஐந்து, நான்கு, ஐந்து என்றே வந்தது. ஆறு ஒன்றுகூட இல்லை.

அந்த வாரம் முழுவதும் மாத்திரை டப்பாவின் ஐந்தை ஆறாக்கினால் என்ன என்று யோசித்தேன். ஒரு கோடு மாற்றம். என் வேலையில் இந்த வேண்டுதல் தினமும் வரும். அரையடி தள்ளிக் கல் போடுங்கள் சார் என்பார்கள். போட்டதில்லை. அண்ணனும் தன் முகத்தைப் பார்த்து மார்க் போடாதே என்றுதான் சொல்லியிருந்தார். சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒரு திருகு

அவர் முன்னறையில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். ஸ்டெல்லா அக்காள் சாயா கொண்டுவந்து வைத்தார். சீனி குறைவு.

"ஆறு இல்ல அண்ணே. எதுக்குமே இல்ல," என்றேன்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கைலி நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். பிறகு, என்ன குறை என்று மட்டும் கேட்டார். குரல் இறங்கிவிட்டது, பாட்டு மெதுவாகப் போகிறது, 'மணல் சுடுது' பாடிய தொண்டை இது இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தே சொன்னேன்.

"செரி. அதையே போட்டுப் பாப்போம்," என்று போனை எடுத்தார். முதல் கேசட்டுக்காக ஸ்டுடியோவில் பதிவு செய்த மூல டேப் பரணில் கிடந்ததாம். மகன் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

பாட்டு ஆரம்பித்தது. நான் கையை உயர்த்தினேன். பதிவில் ஏதோ கோளாறு, மெதுவாக ஓடுகிறது என்றேன். மூல டேப்பில் இருந்து எடுத்தது, கோளாறு ஒன்றும் இல்லை என்றார் அவர். நான் முதலில் இருந்து போடச் சொல்லிக் கடிகாரத்தைப் பிடித்தேன்.

நான்கு நிமிடம் இருபத்தேழு விநாடி.

என் நோட்டில் நான்கு நிமிடம் பத்து. அடுத்த பாட்டையும் அளந்தேன். நோட்டில் மூன்று பன்னிரண்டு; இங்கே மூன்று இருபத்தைந்து. இரண்டிலும் ஒரே விகிதத்தில் வித்தியாசம். அளக்கிறவனுக்கு இது என்னவென்று தெரியும். எங்கோ ஒரு சங்கிலி தவறு.

அண்ணன் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, ஸ்டெல்லா அக்காள் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"மக்கா, அந்தக் கேசட்டு அறுவது நிமிசம். நாங்க பாடுனது பதினாலு பாட்டு, அறுவத்துநாலு நிமிசம். ஒரு பாட்டக் கழிங்கடேன்னான் டப்பிங் கடைக்காரன். எவனுக்க பாட்டக் கழிக்க? தாசனுக்க பாட்டக் கழிச்சா தாசன் அடிப்பான். எனக்க பாட்டக் கழிச்சா நான் அழுவேன். கடைசீல கடைக்காரன் மெசின்ல ஒரு திருகு திருகினான். எல்லாம் கொஞ்சம் வெரசா ஓடிச்சு. பதினாலும் அடங்கிட்டு."

வேகமாக ஓடினால் குரலும் ஏறும். நான் சலூன் நாற்காலியில் கேட்ட பித்தளைக் குடம் அந்தத் திருகுதான்.

இத்தனை வருடமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேட்டியா?" என்றார் அண்ணன். அந்த ஒரு கேசட்டுக்கு மட்டும்தானாம். அடுத்த கேசட்டில் சண்டை வராமல் இருக்கப் பத்துப் பாட்டோடு நிறுத்திக்கொண்டார்களாம்.

ஜலதோஷம்

சர்வே சங்கிலி நாள்பட இழுபட்டு நீளும். அதனால் நிலத்தில் இறங்கும் முன், நிலையாக நட்ட இரண்டு கற்களுக்கு நடுவில் அதைப் பிடித்துச் சரிபார்ப்பது வழக்கம். முப்பது வருடமாக இதைத் தவறாமல் செய்தவன், ஒரு கேசட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவரை நான் முதன்முதலாக மேடையில் கேட்ட நாளின் குறிப்பு: 'குரல் சற்றுத் தாழ்வு. ஜலதோஷமாக இருக்கலாம்.' அடுத்த வருடத் திருவிழா: 'இன்றும் ஜலதோஷம்.' அதற்கடுத்து: 'தொண்டை இன்னும் சரியாகவில்லை.' மனிதர் எதிரில் நின்று பாடும்போதுகூட நான் கேசட்டைத்தான் நம்பியிருக்கிறேன்.

அண்ணன் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். "ஸ்டெல்லா, கேட்டியா? நான் கலியாணத்துக்கு முன்னயே ஜலதோசம் பிடிச்சவனாக்கும்."

ஸ்டெல்லா அக்காள் சிரிக்கவில்லை. கதவுநிலையில் சாய்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பம் அந்த அஞ்சு?"

எந்த ஐந்து என்று நான் கேட்கவில்லை. 'கரையில நிக்கியா' பக்கத்தை எடுத்தேன். 'மெதுவாகப் போகிறது. குரல் தாழ்வு.' அந்த ஒத்திகையில் அவர் தன் சொந்தக் குரலில், சரியான வேகத்தில் பாடியிருக்கிறார். நான் திருகப்பட்ட குரலோடு ஒப்பிட்டு ஐந்து போட்டிருக்கிறேன்.

அது தவறான மார்க், அக்கா, என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அஞ்சு மார்க்குக்கு இம்புட்டுச் சீனி போதும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணன் மட்டும் விஷயத்தை விடவில்லை. அப்படியானால் புதிய பாட்டுகளுக்கு எத்தனை என்று கேட்டார். இப்போது சொல்ல முடியாது, மறுபடியும் மூன்று முறை கேட்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். இரக்கப்பட்டு அங்கேயே ஆறு என்று சொல்லியிருந்தால் அவர் என்னை நம்பியிருக்க மாட்டார்.

திருத்திய பக்கம்

மூல டேப்பின் பிரதியை வாங்கி வந்து, அதோடு ஒப்பிட்டு ஏழு பாட்டுகளையும் மறுபடியும் கேட்டேன். குரல் இறங்கியிருந்தது உண்மை. ஆனால் நான் நினைத்ததில் பாதிதான். மாத்திரை டப்பாவுக்கு ஏழு. விமான நிலையத்துக்கு ஆறு. இன்னொன்றுக்கும் ஆறு. மீதி நான்கும் மறுபடியும் ஐந்தைத் தாண்டவில்லை. அளவுகோல் தவறு என்பதற்காக எல்லா நிலமும் பெரிதாகிவிடாது.

அண்ணனுக்குப் போனில் சொன்னேன்.

"அப்பம் மத்த நாலும் சொத்தையா?" என்றார்.

சொத்தைதான் அண்ணே என்றேன். மூணு போதும் என்றார். குரலில் இருபது வயது குறைந்திருந்தது. இதை எந்த இயந்திரத்திலும் திருகவில்லை.

'மணல் சுடுது' பாட்டின் ஒன்பதை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் 'கேசட்டுக்கு மட்டும்' என்று எழுதினேன். கீழே புதிய வரி: 'மூல டேப். நான்கு இருபத்தேழு. எட்டு.' அந்த ஒரு மார்க் குறைந்ததில் எனக்கு இரண்டு நாள் வருத்தம் இருந்தது.

திருவிழா அன்று பகவதியும் நானும் ஆறு மணிக்கே போய் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இடம்பிடித்தோம். அண்ணன் முதலில் பழைய பாட்டுகள் இரண்டு பாடினார். பிறகு மாத்திரை டப்பா. சிலர் எழுந்து கடலை வாங்கப் போனார்கள். ஆனால் வியாழக்கிழமை அறை வருவதற்குள் அறுபது வயதுக்காரர்களின் வரிசைகளில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமைக்கு அவர்கள் கூடப் பாடினார்கள். பகவதி என் முழங்கையை ஒருமுறை இடித்தாள்.

'மணல் சுடுது' பாடியபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணனுக்கு ஜலதோசம்னு நெனைக்கேன். பழைய வேகம் இல்ல, பாத்தியளா?"

"ஜலதோசம் இல்ல. அவரு எப்பவும் இதே வேகம்தான்," என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நானும் முப்பத்தைந்து வருடம் நம்பாமல் இருந்தவன்தான், விளக்கப் போகவில்லை.

கடைசியாக, அறிவிப்பு எதுவும் இல்லாமல், 'கரையில நிக்கியா'. பதிவே இல்லாத பாட்டு. ஒப்பிட என்னிடம் எந்தக் கேசட்டும் இல்லை. ஒரு முறைதான் கேட்க முடியும் என்பதால் விதியை மீறி அங்கேயே எழுதினேன். எட்டு. பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லா அக்காள் மேடையைப் பார்க்காமல், மடியில் இருந்த பையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்து அவர்கள் வீட்டில் குடித்த சாயாவில் மூன்று கரண்டிச் சீனியாவது இருந்திருக்கும். முழுவதும் குடித்தேன்.

அதற்கு அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு, வாசலில் ஸ்கூட்டர். மட்டிப்பழம். பிளாஸ்டிக் உறை. ரப்பர் பேண்ட், மூன்று சுற்று. உள்ளே ஒரே ஒரு பாட்டு. திருவிழா முடிந்த பிறகு எழுதியதாம்.

மூன்று முறை கேட்டுவிட்டுப் போன் செய்தேன். நான்கு என்றேன்.

அண்ணன் உடனே கேட்டார்.

"கிதார் கூடுதலா?"

"கூடுதல்தான் அண்ணே."

"செரி, கொறச்சிட்டு வாறேன்," என்று போனை வைத்தார்.